மார்ச் மாதத்தில் வால் ரொசெக் பனிப் பள்ளத்தாக்கு நடை: முதன்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

சுவிற்சர்லாந்தில் பல வருடங்களாக வாழ்ந்தும் பனிக்காலத்தில் மலைப் பக்கம் போகாத தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பனிச்சறுக்கு தெரியாது, செலவு கூட, குளிர் தாங்காது என்று மூன்று காரணம் சொல்வார்கள். இந்த நடைக்குச் சறுக்கத் தெரிய வேண்டியதில்லை. செலவைத் திட்டமிட்டுக் குறைக்கலாம். குளிருக்கு வழி உடுப்பிலும் நேரத்திலும் இருக்கிறது.

இடம்: கிறவுபுண்டன் மாநிலத்தின் எங்கடின் பகுதி. பொன்ட்ரெசினா ரயில் நிலையத்திலிருந்து (1,774 மீற்றர்) வால் ரொசெக் பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கும் ரொசெக் கிளெச்சர் விடுதி (1,999 மீற்றர்) வரை, ஒரு வழி சுமார் 7 கிலோமீற்றர். ஏற்றம் மொத்தமாக 225 மீற்றர்தான் என்பதால் மூச்சு வாங்காத ஏற்றம். போக இரண்டு மணித்தியாலம், சின்னப் பிள்ளைகளோடு இரண்டரை. பாதையை உருளையால் அழுத்திப் பராமரிக்கிறார்கள். பாதி வழிக்கு மேல் காடு விலக, பெர்னினா மலைக்கூட்டமும் பனியாறுகளும் முன்னால் வந்து நிற்கும்.

மார்ச்சில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காலை எட்டு மணிப் பாதையும் மத்தியானப் பாதையும் பின்னேர நாலு மணிப் பாதையும் ஒரே பாதை அல்ல: காலையில் இறுகிய பனி, மத்தியானம் இளகிய பனி, பின்னேரம் ஐஸ். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதைச் சுற்றியே வருகிறது.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள்

மார்ச் முதல் மூன்று கிழமைகள்தான் நல்ல காலம். பகல் நீண்டிருக்கும், வெயில் ஏறியிருக்கும், ஆனால் இரவுக் குளிர் பனியை இன்னும் இறுக்கி வைத்திருக்கும். ஏப்ரலில் கீழ்ப் பாதை சேறும் கூழுமாகிவிடும். ஈஸ்டர் முடிந்த பிறகு பல விடுதிகளும் உணவகங்களும் கோடைப் பருவம் வரை பூட்டிக்கொள்ளும். அந்த இடைக்காலத்தில் போனால் தேநீர் குடிக்கவும் இடம் தேட வேண்டியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டு: மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. அன்று மலோயாவிலிருந்து எஸ்-சான்ஃப் வரை எங்கடின் ஸ்கீ மரதன் நடக்கும். ஆயிரக்கணக்கானோர் வருவதால் அந்த வார இறுதியில் ரயிலில் நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம், தங்குமிடம் அதைவிடக் கஷ்டம்.

தேடிப் போகவேண்டிய நாள் மார்ச் 1. அன்று எங்கடின் கிராமங்களில் ‘சாலண்டாமார்ட்ஸ்’. பிள்ளைகள் மாட்டு மணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் பனிக்காலத்தை விரட்டுவார்கள். காலையில் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நடக்கலாம். நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டு வையுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னால் போகும். அன்று காலை ரயில் எடுப்பவர்கள் கவனம்.

2. கடதாசிகள்

உள்நாட்டுப் பயணம் என்பதால் கடவுச்சீட்டு தேவையில்லை. வதிவிட அனுமதி அட்டையைக் கையில் வைத்திருங்கள். பெயர் போட்ட டிக்கெட்டுகளைச் சோதிக்கும்போது அடையாள அட்டையையும் கேட்பார்கள்.

இங்கே ஒரு பொறி. பொன்ட்ரெசினாவில் நிற்கும் அதே பெர்னினா பாதை ரயில், தொடர்ந்து போனால் இத்தாலியின் திரானோவில் போய் முடியும். படங்களில் பார்க்கும் சிவப்பு ரயில் அதுதான். ஆசையில் அதில் கடைசி வரை போனால் நாட்டை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. N அனுமதி (புகலிட முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கானது) வைத்திருப்பவர்கள் அப்படிப் போகவே கூடாது. F அனுமதியாளர்களும் (தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்கள்) முறையான பயண ஆவணமும் மீள்நுழைவு அனுமதியும் இல்லாமல் போக வேண்டாம். ரயிலில் சோதனை இல்லையே என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரு நாள் உல்லாசத்துக்காக வழக்கைப் பாதிக்க விடாதீர்கள். அந்தப் பாதையைப் பார்க்க ஆசை என்றால் ஒஸ்பிட்சியோ பெர்னினா வரை போய்த் திரும்புங்கள். அது சுவிசுக்குள்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து அம்மா அப்பாவையோ சகோதரங்களையோ அழைப்பவர்கள் மார்ச் பயணத்துக்கு நவம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி கட்டாயம்.

காலம் இழுபடுவது பெரும்பாலும் பொறுப்பேற்புப் பத்திரத்தில்தான். வருபவரின் சொந்தப் பணம் போதாது என்று தூதரகம் நினைத்தால் அழைப்பவரிடம் 30,000 பிராங்குக்கான பொறுப்பேற்பு கேட்கும். அதற்கான படிவத்தை விசாப் பிரிவு வருபவரிடம் கொடுக்கும். அவர் அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் உங்கள் மாநிலத்தில் உரிய அலுவலகத்தில் சம்பள விபரங்களோடு ஒப்படைக்க வேண்டும். இந்தச் சுற்று முடியக் கிழமைக் கணக்காகும். அதுவரை விமான டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.

3. ரயில், தங்குமிடம், செலவு

சூரிச்சிலிருந்து கூர் வரை ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டி. அங்கே சிவப்பு நிற ரேட்டியன் ரயிலுக்கு மாறி அல்புலா வழியாகச் சமேடன், சமேடனில் இன்னொரு முறை மாறிப் பொன்ட்ரெசினா. மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். சமேடனில் மாற நேரம் குறைவு. சென் மொரிட்ஸ் வரை இருந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் உண்டு, அறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள். கூரில் ஏறும்போது போகும் திசைக்கு வலப்பக்கம் இருந்தால் லாண்ட்வாசர் பாலம் நன்றாகத் தெரியும்.

டிக்கெட்டில் செய்யும் பிழைதான் செலவைக் கூட்டுகிறது.

அரைக்கட்டண அட்டை முதல் வருடம் 190 பிராங். சூரிச்–பொன்ட்ரெசினா அரைக்கட்டணத்தில் ஒரு வழி 40 பிராங்கை ஒட்டி வரும். ஒரே நாளில் போய் வருவதானால் உங்கள் நகரசபை விற்கும் சேமிப்பு நாள் டிக்கெட்டைப் பாருங்கள்: பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன் வாங்கினால், இரண்டாம் வகுப்பில், அரைக்கட்டண அட்டையோடு 39 பிராங், அட்டை இல்லாமல் 52. பத்து நாளுக்குள் வந்துவிட்டால் 59, 88 என்று ஏறிவிடும். ரயில்வே நேரடியாக விற்கும் சேமிப்பு நாள் டிக்கெட் ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும். ஆரம்ப விலை அரைக்கட்டண அட்டையோடு 29, வார இறுதிகளுக்கு அந்த விலை சீக்கிரம் தீரும். இவை டிசம்பர் கால அட்டவணை மாற்றத்தோடு மாறக்கூடியவை, வாங்கும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். இரவு தங்குபவர்களுக்கு இரண்டு நாளும் நாள் டிக்கெட் வாங்குவதில் பெரிய இலாபம் இல்லை. சாதாரண அரைக்கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டைத் திரும்பி வரும் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். பனியில் நடை எப்போது முடியும் என்று நிச்சயமில்லை, ரயிலைத் தவறவிட்டால் புது டிக்கெட்தான்.

பிள்ளைகளுக்கு ஆறு வயது வரை இலவசம். ஆறு முதல் பதினாறு வரை வருடத்துக்கு 30 பிராங் கட்டி யூனியர் அட்டை எடுத்தால் பெற்றோரோடு வரும்போது டிக்கெட் வேண்டாம்.

ஒரு நாளில் போய் வரலாமா, இரவு தங்க வேண்டுமா? தங்குவதுதான் நல்லது. சூரிச்சிலிருந்து அதிகாலையில் ஏறினாலும் நடை தொடங்கப் பத்து மணியாகும், விடுதியை அடைய மத்தியானம், திரும்பும்போது பனி இளகிய நேரம். முதல் நாள் பின்னேரம் வந்து தங்கினால் காலை எட்டரைக்கு இறுகிய பனியில் இறங்கலாம். பொன்ட்ரெசினா இளைஞர் விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குடும்ப அறைகளும் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்களுக்குச் சிறு மேலதிகக் கட்டணம். இரண்டு மாதத்துக்கு முன் பதிவு செய்யுங்கள்.

4. உடுப்பும் சப்பாத்தும்

தெளிந்த இரவுக்குப் பின் மார்ச் தொடக்கத்தில் விடியற்காலை வெப்பநிலை மைனஸ் பத்துக்கும் கீழே நிற்கும். மத்தியானம் வெயிலில் பூச்சியத்துக்கு மேல் ஏறும். ஆக ஒரே பெரிய தடித்த ஜக்கெட் உதவாது. அரை மணி நடந்ததும் வியர்க்கும், வியர்வை உடுப்பில் தங்கும், நின்றவுடன் அந்த ஈரம் குளிராக மாறும். பனியில் நடுங்குபவர்களில் பலர் உடுப்புப் போதாமல் நடுங்குவதில்லை. வியர்த்து நடுங்குகிறார்கள்.

உடலோடு ஒட்டி மெரினோக் கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடுப்பு, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மெல்லிய ஜக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், இரண்டும் நனைந்தால் காயாது. நடை தொடங்கும்போது கொஞ்சம் குளிர்வதுதான் சரியான அளவு. கையுறை இரண்டு சோடி: ஒன்று நனைந்தால் மாற்ற. மேலதிக மேஸ் ஒரு சோடி, அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

நகரத்தில் போடும் தட்டை அடிச் சப்பாத்தோடு வராதீர்கள். கணுக்காலை மூடி, நீர் புகாமல், அடியில் ஆழமான வரி உள்ள நடைச் சப்பாத்து வேண்டும். அதற்கு மேலே மாட்டும் சங்கிலி முள் ஒரு சோடி 40 முதல் 70 பிராங்குக்குள் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். இந்தப் பட்டியலில் எதையாவது விடவேண்டி வந்தால் வேறொன்றை விடுங்கள், முள்ளை விடாதீர்கள். பின்னேர நிழலில் பாதை கண்ணாடி ஐஸாகும்போது வயதானவர்களின் இடுப்பைக் காப்பது அதுதான். கைத்தடி இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது, ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

நம்மவர்கள் அலட்சியப்படுத்துவது வெயிலை. கருத்த தோலுக்கு எதற்குக் கிரீம் என்று கேட்பார்கள். புதுப்பனி வெயிலின் புறஊதாக் கதிரில் எண்பது வீதம் வரை திருப்பி அடிக்கும், மூக்கின் கீழும் தாடையின் அடியும் எரியும். கண்ணுக்கோ தோல் நிறம் ஒரு காப்பும் தராது. காப்பு வகை 3 (Category 3) என்று போட்ட கறுப்புக் கண்ணாடி பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் வேண்டும். இல்லாமல் நாள் முழுக்க நடந்தால் இரவு கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்திக் கண்ணீர் வடியும். ஐம்பது அளவு (SPF 50) வெயில் கிரீம், உதட்டுக்குத் தனிப் பூச்சு.

பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், உறையாத சாப்பாடு. சொக்கலேட் கல்லாகும், பேரீச்சம்பழம் மென்மையாக இருக்கும். கைத்தொலைபேசியை உள் பைக்குள் வையுங்கள், குளிரில் மின்கலம் திடீரென்று இறங்கும்.

5. முதல் நாள் பின்னேரம் பார்க்க வேண்டியவை

டாவோசில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்குச் சரிவு அறிக்கை வெளியிடும், காலை 8 மணிக்குப் புதுப்பிக்கும். வைட் ரிஸ்க் செயலியிலும் பார்க்கலாம். ஆபத்து 1 முதல் 5 வரை. இலக்கத்தோடு நிறுத்தாமல் ஈரப்பனி பற்றிய பகுதியை வாசியுங்கள். ‘பகல் ஏற ஏற ஆபத்துக் கூடும்’ என்று இருந்தால், வெயில் படும் செங்குத்துச் சரிவுகளில் உருகுநீர் பனிக்குள் இறங்கி, முழுப் பனி அடுக்கையும் அடியோடு அவிழ்க்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நாளில் மத்தியானத்துக்கு முன் திரும்பத் தொடங்குங்கள்.

அடுத்து, பொன்ட்ரெசினா சுற்றுலா இணையத்தளத்தில் வால் ரொசெக் பனி நடைபாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பனிச்சரிவு ஆபத்து இருந்தால் பாதையைப் பூட்டுவார்கள். பூட்டிய பாதையில் கால் வைப்பது உங்களை மட்டுமல்ல, தேடி வரும் மீட்பாளர்களையும் ஆபத்தில் தள்ளும். அன்று ஸ்டாட்ஸ் ஏரிப் பக்கக் காட்டுப் பாதையில் நடக்கலாம்.

நடந்து திரும்ப முடியாதவர்கள் கூட இருந்தால் குதிரைவண்டிக்கு அன்றே தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நிலையத்திலிருந்து விடுதி வரை போகும். போகும்போது நடந்து, வரும்போது வண்டியில் வருவது அப்பா அம்மாவுக்கு ஏற்ற ஏற்பாடு.

6. நடை

பாதை நிலையத்தின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. இளஞ்சிவப்புப் பலகைகளை மட்டும் பின்பற்றுங்கள். மஞ்சள் பலகைகள் கோடைப் பாதைக்கு உரியவை, பனிக்காலத்தில் அவற்றை யாரும் பராமரிப்பதில்லை, அவற்றில் பல பனிச்சரிவு வரும் இடங்களுக்கு அடியால் போகும். இளஞ்சிவப்பிலும் ஒரு நுணுக்கம்: பனிக்காலணிப் படம் போட்டிருந்தால் அது அழுத்தாத தடம், சாதாரணச் சப்பாத்தோடு முழங்கால் வரை புதைவீர்கள். நடப்பவர் படம் உள்ளதுதான் உங்களுடையது. கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழிகள் கோடைக்கானவை.

இரண்டு கோடு இழுத்த தடத்தில் மிதிக்காதீர்கள். அது நெடுந்தூரச் சறுக்குபவர்களின் தடம். ஒரு சப்பாத்துக் குழி இரவில் உறைந்தால் மறுநாள் ஒருவரை விழுத்தும்.

முதல் பகுதி லார்ச்சும் ஆர்வே பைனும் கலந்த காடு. லார்ச் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், பட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். இங்கே சிட்டுக்குருவியை விடச் சிறிய குருவிகள் கையில் வந்து இருந்து தீனி எடுக்கும். உப்பில்லாத சூரியகாந்தி விதையோ உடைத்த கொட்டையோ உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டி, அரை நிமிடம் ஆடாமல் நில்லுங்கள். பாணும் உப்புக் கச்சானும் மிக்சரும் அவற்றுக்குக் கேடு. பிள்ளைகளுக்கு இந்த நடையில் மறக்காமல் நிற்கப்போவது இந்த நிமிடம்தான், அவசரப்படுத்தாதீர்கள்.

ரொசெக் ஆறு பாதையோடு கூடவே வரும். மார்ச்சில் அதன் மேல் பனி மூடியிருக்கும், ஆனால் அடியில் நீர் ஓடிப் பனியை உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. படம் எடுக்க அதன்மேல் இறங்குவது இந்தப் பள்ளத்தாக்கில் செய்யக்கூடிய ஆகப் பெரிய முட்டாள்தனம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காடு முடியும் இடத்திலிருந்து எதிர்ச்சரிவுகளைக் கண்ணால் துழாவுங்கள், வரையாடு போன்ற ஷமுவா ஆடுகள் நிற்கும். அவற்றை நெருங்கப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. பனிக்கால முடிவில் அவற்றின் கொழுப்பு தீர்ந்திருக்கும், ஆழ்பனியில் ஒருமுறை வெருண்டு ஓடுவதே உயிருக்கு உலை வைக்கும்.

குழந்தை வண்டி காலையில் ஓடும், மத்தியானம் இளகிய பனியில் புதையும். அதற்குப் பதில் கயிறு கட்டிய சறுக்குப் பலகை எடுங்கள், போகும்போது இழுக்கலாம்.

நேரக் கணக்கு: எட்டரைக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குள் விடுதி, பன்னிரண்டரைக்குத் திரும்பல், இரண்டரைக்கு நிலையம். மூன்று மணிக்குப் பின் சூரியன் மலைக்குப் பின்னால் போகும் இடங்களில், பகலில் உருகிய நீர் நிமிடங்களில் உறையத் தொடங்கும். திரும்பும்போது நிழலான முதல் வளைவிலேயே முள்ளை மாட்டுங்கள், விழுந்த பிறகு அல்ல. ஊருக்குள் வந்ததும் வீட்டுக் கூரைகளின் ஓரமாக நடக்காதீர்கள். வெயில் நேரத்தில் கூரைப் பனி மொத்தமாக வழுகி விழும்.

7. விடுதியில் சாப்பாடு

வெயில் நாளில் வெளி மேசைகள் பன்னிரண்டுக்கு முன்பே நிரம்பும், பதினொன்றுக்குப் போய் இருந்துவிடுங்கள். மலை விலைதான்: சூப் 15 பிராங்கை ஒட்டி, முழுச் சாப்பாடு 25 முதல் 35 வரை.

மரக்கறிக்காரர் கவனிக்க வேண்டியது: கிறவுபுண்டன் பார்லிச் சூப்பில் வழக்கமாக இறைச்சித் துண்டு இருக்கும். இலையில் சுற்றிய மாவுருண்டையான கபூன்சிலும் இருக்கும். துருவிய உருளைக்கிழங்கு வறுவலான றோஸ்தியில் பன்றிக்கொழுப்புப் போடுவதுண்டு. கேட்டு உறுதிப்படுத்துங்கள். பித்சொக்கேரி, அதாவது பக்வீட் மாவு நூடில்ஸ், உருளைக்கிழங்கு, கோவா, சீஸ் சேர்ந்தது, பொதுவாக மரக்கறிதான். கொட்டை கேக் ஒரு துண்டு கட்டிக்கொண்டு வந்தால் ரயிலுக்கு ஆகும்.

8. காப்புறுதியும் அவசர எண்களும்

ஒரு முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக் காப்புறுதியும் வேலையிடம் மூலம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைகள், குறைந்த நேரம் வேலை செய்பவர்கள் தங்கள் சுகாதாரக் காப்புறுதியில் விபத்துச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தாலும் அடிப்படைக் காப்புறுதி மலை மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரைதான் கொடுக்கும். ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் உங்கள் தலையில். றேகா என்ற விமான மீட்பு அமைப்பின் ஆதரவாளராக வருடம் 40 பிராங் கட்டியவருக்குக் காப்புறுதி ஏற்காத மீட்புச் செலவை அந்த அமைப்பு தள்ளுபடி செய்யலாம். ஊரிலிருந்து வருபவர்களின் பயணக் காப்புறுதியில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள், வெறும் ஷெங்கன் தேவைக்கு எடுத்ததில் பல வேளை தெளிவாக இருக்காது.

எண்கள்: மருத்துவ அவசரம் 144, றேகா 1414, எதுவும் நினைவில்லாவிட்டால் 112. றேகா செயலியை வீட்டிலேயே இறக்கிப் பெயரைப் பதிந்து வையுங்கள், அழைக்கும்போதே நிற்கும் இடத்தையும் அனுப்பிவிடும். பள்ளத்தாக்குக்குள் சில இடங்களில் தொலைபேசித் தொடர்பு அறும். ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்திலோ வீட்டிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஒருவர் விழுந்து கால் சுளுக்கினால் முதலில் அவரைப் பனியிலிருந்து உயர்த்துங்கள்: முதுகுப்பையோ சறுக்குப் பலகையோ அடியில் வைத்து, காய்ந்த மேல் உடுப்பால் போர்த்தி, பிறகு அழையுங்கள். பாதையில் குதிரைவண்டிகள் போய் வருவதால் உதவி பெரும்பாலும் தூரத்தில் இருக்காது.